குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைவு: டாப்ளர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

தரமணியில் கர்ப்பிணிகள் இரண்டு வழியாக மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள். ராஜீவ் காந்தி சாலையோரக் கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர் அடையாறிலோ மயிலாப்பூரிலோ தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போகிறார். கானகம் பக்கத்துச் சிறிய வீடுகளில் இருப்பவர் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கி, சிக்கல் என்றால் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். ஏழாம் மாதத்தில் இருவர் காதிலும் ஒரே வாக்கியம் விழுவதுண்டு: "குழந்தை வெயிட் கம்மியா இருக்கு, ரத்த ஓட்டமும் கம்மி, டாப்ளர் பார்க்கணும்." பிறகு இரண்டு வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றேதான் நடக்கிறது. பேரீச்சம்பழமும் மாதுளையும் வந்து இறங்கும். "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா" என்று யாராவது கேட்பார்கள். புரதப் பவுடர், ட்ரிப்ஸ், படுக்கை ஓய்வு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். இத்தனை அக்கறைக்கும் நடுவே அந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போகிறது. வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை இன்னும் எத்தனை நாள் உள்ளே பத்திரமாக இருக்கலாம் என்பதே அந்தக் கேள்வி. டாப்ளரைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தவறவிட்டதால் வந்தவை.

முதலாவது நம்பிக்கை, அம்மாவின் ரத்தம் குழந்தைக்குப் போதுமான அளவு போகவில்லை என்று டாப்ளர் காட்டுகிறது என்பது. அதனால்தான் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் ஏறினால் குழந்தையின் ரத்த ஓட்டமும் சரியாகிவிடும் என்று பீட்ரூட் சாறு வருகிறது. தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் இருக்கின்றன: இரண்டு தமனிகள், ஒரு சிரை. முக்கியமாக அளக்கப்படுவது தமனி. அதில் ஓடுவது குழந்தையின் சொந்த ரத்தம். குழந்தையின் இதயம் அதை நச்சுக்கொடிக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயு ஏற்றிக்கொண்டு அது சிரை வழியாகத் திரும்புகிறது. அம்மாவின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நச்சுக்கொடியில் அடுத்தடுத்து ஓடினாலும் கலப்பதில்லை. ஸ்கேன் திரையில் தெரிவது வரிசையாக நிற்கும் ரம்பப் பற்கள் போன்ற ஓர் அலை. பல்லின் உச்சி, குழந்தையின் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் கணம். இரண்டு உச்சிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம், இதயம் தளரும் கணம். நல்ல நச்சுக்கொடியில் அந்தத் தளர்ந்த கணத்திலும் ரத்தம் முன்னே போய்க்கொண்டிருக்கும், பள்ளம் அடிக்கோட்டுக்கு மேலேயே நிற்கும். நச்சுக்கொடியின் நுண்குழாய்கள் அடைபட அடைபட எதிர்ப்பு கூடி, பள்ளம் கீழே இறங்குகிறது. ஒரு கட்டத்தில் அடிக்கோட்டைத் தொடுகிறது, அதாவது இதயம் தளரும்போது ஓட்டமே இல்லை. அதற்கும் மேலே போனால் பள்ளம் கோட்டுக்குக் கீழே விழுகிறது, ரத்தம் குழந்தையை நோக்கியே பின்வாங்குகிறது. நுண்குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெட்ட பிறகே இந்த அளவு வரம்பைத் தாண்டத் தொடங்குகிறது. ஓட்டம் நிற்பதும் பின்வாங்குவதும் அறுபது, எழுபது சதவீதம் கெட்டபின் வரும் நிலை. ஆக, டாப்ளர் அளப்பது நச்சுக்கொடியின் எதிர்ப்பை. அம்மாவின் ஹீமோகுளோபினை அதில் படிக்க முடியாது.

இதைப் புரிந்துகொண்டால் அம்மாவின் சாப்பாட்டின் மேல் விழும் பழியும் நீங்கும். நச்சுக்கொடி கருப்பையில் வேர்பிடிப்பதும், அம்மாவின் ரத்தக் குழாய்கள் அதற்கேற்ப அகன்று கொடுப்பதும் பெரும்பாலும் கர்ப்பத்தின் முதல் பாதியில் முடிந்துவிடுகிற வேலை. அது அரைகுறையாக நின்றுபோனால் அதன் விளைவு ஏழாம் மாதத்தில் எடைக் குறைவாகவும், பல பெண்களுக்கு ரத்த அழுத்தமாகவும் வெளிப்படுகிறது. ஏழாம் மாதத்தில் காலை உணவைத் தவறவிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "அப்படியானால் சாப்பாடு முக்கியமே இல்லையா" என்று கேட்பது நியாயம். முக்கியம்தான். கர்ப்பத்துக்கு முன்பே மெலிந்திருக்கும் பெண்ணுக்குச் சமச்சீரான கூடுதல் உணவு கொடுத்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஊட்டக்குறைவு பரவலாக உள்ள இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), பிறப்பு எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் 18 சதவீதம் இரண்டரை கிலோவுக்குக் கீழே. இந்த எண்ணுக்குப் பின்னால் பசியும் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதே உலக சுகாதார நிறுவனம், புரதம் மட்டும் மிகுந்த பவுடர் வகைகளைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. அவை குழந்தையின் எடையைக் கூட்டியதாக நிரூபணமில்லை, சில ஆய்வுகளில் எதிர்விளைவின் சாயலும் தெரிந்தது. பசிக்குச் சோறு மருந்து. கெட்டுப்போன நச்சுக்கொடிக்குச் சோறு மருந்தாகாது.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் ஆபத்தானது: "நாடித்துடிப்பு நல்லாத்தானே கேட்குது, அப்புறம் எதுக்கு டாப்ளர்?" கையடக்கக் கருவி ஒன்றை வயிற்றில் வைத்து டக் டக் என்ற ஒலியைக் கேட்பதும் டாப்ளர் என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அந்தக் கருவி குழந்தை உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் வேறு வேலை செய்கிறது. பிராணவாயு குறையத் தொடங்கும் குழந்தை சும்மா இருப்பதில்லை. தன் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, தோல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குக் குறைக்கிறது. பனிக்குட நீர் வற்றுவதற்கும் இதுவே ஒரு காரணம், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் சிறுநீரும் குறையும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140 என்று அழகாகவே கேட்கும். துடிப்பு தடுமாறுவது கடைசிக் கட்டங்களில். இணையத்தில் வாங்கிய கருவியை வீட்டில் வைத்து, அசைவு குறைந்த இரவில் துடிப்பைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவது தவறான நிம்மதி. அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், முந்தின நாள் டாப்ளர் நன்றாக இருந்திருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சுக்கொடி திடீரென்று கருப்பைச் சுவரிலிருந்து பிரிவதை எந்த டாப்ளரும் முன்கூட்டிச் சொல்லாது.

மூன்றாவதாக, மருந்து. அமினோ அமிலம் ஏற்றும் ட்ரிப்ஸ், ஆர்ஜினைன் பொடி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, இடதுபக்கம் ஒருக்களித்து மாதக்கணக்கில் படுக்கை என்று ரத்த ஓட்டத்தை "ஏற்ற" எத்தனையோ செய்யப்படுகின்றன. இவற்றில் ஒன்றாவது ஏற்கெனவே தடைப்பட்ட வளர்ச்சியைத் திருப்பிவிடுகிறது என்று நம்பகமான ஆய்வு காட்டியதில்லை. சில்டெனாஃபில் கதை நம்மை எச்சரிக்க வேண்டும். ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து, கருப்பைக் குழாயையும் விரிக்கும், குழந்தை வளரும் என்று கேட்பதற்கு முற்றிலும் நியாயமான ஊகம் அது. பிரிட்டனில் 135 பெண்களிடம் சோதித்தபோது கர்ப்பம் நீளவில்லை. நெதர்லாந்தில் நடந்த சோதனை, மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தச் சிக்கல்களும் மரணங்களும் கூடுதலாகத் தெரிந்ததால் 2018-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. "எங்களுக்கு ட்ரிப்ஸ் ஏற்றின மறுநாளே ரத்த ஓட்டம் சரியாச்சே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. குறைமாதப் பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நின்றுபோயிருந்த ஓட்டம் அந்த ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் திரும்பித் தெரிவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நிகழ்வு. அது தற்காலிகம். அதே நாட்களில்தான் ட்ரிப்ஸும் ஓடுகிறது, ஓய்வும் நடக்கிறது, ஆகவே பெயர் அவற்றுக்குப் போய்விடுகிறது. இந்த இடத்தில் கவனம் தப்பினால் விலை பெரிது: "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போன குடும்பம், பள்ளம் மறுபடி கோட்டைத் தொடும் நாளில் மருத்துவமனையில் இருக்காது.

முக்கியமான பகுதி இனிமேல்தான். மருந்து இல்லை என்றால் எஞ்சுவது ஒரே சிகிச்சை, பிரசவம். எப்போது என்பதே எல்லாம். இங்கே நம் ஊரின் மிகப் பழைய நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கிறது: ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் பிழைக்காது. இது நமக்கு மட்டும் உரியதல்ல, ஹிப்போக்ரட்டிஸ் பெயரால் வழங்கும் பழங்கிரேக்க மருத்துவ நூல்களிலும் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றி இதே அச்சம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு நிலைத்த நம்பிக்கை என்பதால் அது உண்மையாகிவிடாது. 28 வாரத்தில் பிறப்பதைவிட 30 வாரத்திலும், அதைவிட 32, 34 வாரங்களிலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டேதான் போகிறது, நடுவில் எங்கும் சரிவு இல்லை. ஓட்டம் நின்றுபோன குழந்தையை 32 முதல் 34 வாரத்துக்குள்ளும், ஓட்டம் பின்வாங்கும் குழந்தையை 30 முதல் 32 வாரத்துக்குள்ளும் வெளியே எடுப்பதே இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல். 34 வாரம் என்பது நம் கணக்கில் எட்டாம் மாதம். "இந்த மாசம் மட்டும் வேண்டாம், ஒன்பதாவது பிறந்ததும் எடுங்க" என்று கையெழுத்துப் போட மறுக்கும் பெரியவர்கள், குழந்தையின் மேல் உள்ள அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த அன்பு அந்தக் குழந்தையைக் கருப்பைக்குள்ளேயே இழக்கச் செய்யலாம்.

இதற்கு நேரெதிரான அவசரமும் உண்டு. டாப்ளரில் ஏதோ மாறிவிட்டது என்றால் அன்றே அறுவை என்று நினைப்பது அது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பிய நாடுகள் பதின்மூன்றில் நடந்த கிரிட் ஆய்வு பரிசோதித்தது. எடுக்கலாமா காத்திருக்கலாமா என்று மருத்துவர்களுக்கே உறுதியில்லாத நிலையில் ஒரு குழுவில் உடனே எடுத்தார்கள், மறு குழுவில் முடிந்த அளவு தாமதித்தார்கள். உடனே எடுத்தபோது கருப்பைக்குள் இறந்தவர்கள் குறைந்தார்கள், ஆனால் பிறந்தபின் இறந்தவர்கள் கூடினார்கள். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டது. 26 வாரத்தை ஒட்டிய காலத்தில் கருப்பைக்குள் கழியும் ஒவ்வொரு நாளும் பிழைக்கும் வாய்ப்பை ஓரிரு சதவீதம் கூட்டுகிறது என்று பார்க்கும்போது இது வியப்பில்லை. பிறகு வந்த ட்ரஃபிள் ஆய்வு, 26 முதல் 32 வாரத்துக்குள் இருந்த 503 பெண்களிடம், எந்த அறிகுறியைப் பார்த்து நாள் குறிப்பது என்று கேட்டது. இதயத்தை நோக்கிச் செல்லும் டக்டஸ் வீனோசஸ் என்ற சிறு சிரையின் அலை தெளிவாகக் கெடும்வரை, நாடித்துடிப்பு வரைபடத்தையும் காவலாக வைத்துக்கொண்டு, காத்திருந்த குழுவில், இரண்டு வயதில் உயிரோடிருந்த குழந்தைகளில் 95 சதவீதம் பேருக்கு மூளைக் குறைபாடு இல்லை. நாடித்துடிப்பு வரைபடத்தை மட்டும் நம்பிய குழுவில் அது 85. தொப்புள்கொடித் தமனி எச்சரிக்கை தருகிறது, மூளைத் தமனி குழந்தை எப்படிச் சமாளிக்கிறது என்று காட்டுகிறது, டக்டஸ் வீனோசஸ் இதயம் தளரத் தொடங்கிவிட்டது என்று சொல்கிறது. இந்த வரிசையைப் படித்து நாளை எண்ணுவதே கண்காணிப்பு. அதனால்தான் ஒரே ஒரு டாப்ளர் அறிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. இயல்பாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓட்டம் நின்றுவிட்டால் மருத்துவமனையில் சேர்த்து வாரத்தில் பலமுறை என்று தொடர்ந்து பார்த்தால்தான் அது பேசும்.

"எங்க வீட்டுல எல்லாரும் சின்னதாத்தான் பிறப்போம்" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சிறிய குழந்தை எல்லாமே வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை இல்லை, குள்ளமான பெற்றோருக்கு ஆரோக்கியமான சிறு குழந்தை பிறக்கும். எடைக்கணக்கு யாருடைய அட்டவணையில் என்பதும் முக்கியம். பல ஸ்கேன் கருவிகளில் இருக்கும் ஹாட்லாக் அட்டவணை அமெரிக்காவின் டெக்சாஸ் பெண்களை வைத்துச் செய்தது. இன்டர்குரோத் ஆய்வு எட்டு நாடுகளில் நடந்தது, இந்தியாவிலிருந்து நாக்பூர் அதில் இருந்தது. ஆனால் "நாங்க அப்படித்தான்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இந்த வாதத்தின் தவறான முடிவு. குடும்ப அமைப்பால் சிறிதா, நச்சுக்கொடி கெட்டதால் சிறிதா என்று பிரித்துக் காட்டும் கருவிகளில் முதன்மையானதே டாப்ளர். இன்னொரு நுணுக்கமும் உண்டு. 32 வாரத்துக்குப் பிறகு தெரியவரும் வளர்ச்சித் தடையில் தொப்புள்கொடித் தமனி இயல்பாகவே இருக்கலாம். அப்போது மூளைத் தமனியையும் இரண்டுக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்காமல் "டாப்ளர் நார்மல்" என்று எழுதுவது அரைகுறை அறிக்கை. இப்படி முழு மாதத்தை நெருங்கிய குழந்தைக்கு வலி வரவழைத்தாலே சிசேரியன்தான் என்பதும் உண்மையில்லை. நெதர்லாந்தில் 650 பெண்களிடம் நடந்த டிஜிடாட் ஆய்வில் வலி வரவழைத்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் சிசேரியன் அளவு ஒன்றே, சுமார் 14 சதவீதம்.

கடுமையான மறுப்பு பணத்தைப் பற்றியது: ஸ்கேன் மையங்கள் வருமானத்துக்காகவே டாப்ளரை எல்லார் தலையிலும் கட்டுகின்றன என்பது. இதை எளிதாக ஒதுக்க முடியாது. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக டாப்ளர் செய்வதால் பலன் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. நூற்றில் ஒருவர் அளவில் சாதாரணக் கர்ப்பிணிகளிடமும் நின்றுபோன ஓட்டம் தென்படுவதைத் தென்னாப்பிரிக்காவின் அம்பிஃப்ளோ என்ற எளிய கருவி காட்டியிருக்கிறது, எனவே எல்லாருக்கும் பார்க்க வேண்டுமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இன்றைய நிலையில் காரணம் கேட்பது கர்ப்பிணியின் உரிமை. ஆனால் குழந்தை சிறிது, ரத்த அழுத்தம் உண்டு, முன்பு கருப்பையில் குழந்தை இறந்திருக்கிறது என்ற நிலைகளில் கதை வேறு. இப்படிப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீட்டில், டாப்ளர் பார்த்த குழுவில் பிரசவத்தை ஒட்டிய மரணம் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஏறக்குறைய இருநூறு பேருக்குப் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். இருநூறு அதிகமாகத் தோன்றலாம், ஊசியோ அறுவையோ இல்லாத ஒரு பரிசோதனைக்கு எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. அதே மதிப்பீட்டில் சிசேரியன் சற்றே குறைந்தது என்பதையும் வியாபார வாதம் பேசுபவர்கள் கவனிக்க வேண்டும். இயல்பான அலையைக் கண்ட மருத்துவர் தைரியமாகக் காத்திருக்கிறார். "அந்தக் காலத்தில் டாப்ளரா இருந்தது" என்போருக்குப் பதில், அந்தக் காலத்துப் பாட்டிமார் பெற்றதையும் இழந்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் கிடைக்கும்.

கதிர்வீச்சு பயத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. டாப்ளர் ஒலியலை, எக்ஸ்ரே இல்லை. சாதாரண ஸ்கேனைவிட அதில் அதிக ஆற்றல் குவிகிறது என்பது உண்மை. எனவே முதல் மூன்று மாதங்களில் காரணமில்லாமல் பயன்படுத்துவதில்லை, தேவைக்கு மேல் நேரம் வைப்பதுமில்லை. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவத்தில், ஸ்கேனுக்கு அனுமதிக்கப்பட்ட காரணங்களில் வளர்ச்சிக் கண்காணிப்பும் டாப்ளரும் இருக்கின்றன. திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தால் சட்டச் சிக்கல் வருமோ என்று குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை.

ஸ்கேன் மையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் கையில் "ரத்த ஓட்டம் குறைவு" என்ற ஒற்றை வரி போதாது. எத்தனையாவது வாரம், எடை எந்தச் சதமானத்தில், தொப்புள்கொடித் தமனியில் பள்ளம் இருக்கிறதா நின்றதா பின்வாங்குகிறதா, மூளைத் தமனி அளவு என்ன, பழைய அறிக்கைகளில் அவை எப்படி இருந்தன என்பவை வேண்டும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் 32 வாரக் குழந்தையைப் பெற்றுவிட்டு ஆம்புலன்ஸில் அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அம்மாவை அந்த வசதி உள்ள இடத்துக்கு, அரசு வழியில் என்றால் 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற இடத்துக்கு, அனுப்புவது குழந்தைக்கு மேலும் பாதுகாப்பானது. இந்தக் குழந்தைக்கு வேலை செய்யாத ஒரு மருந்து அடுத்த குழந்தைக்கு உதவலாம் என்பதையும் பிரசவத்துக்குப் பின் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்கள் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தபோது, குறைமாதப் பிரசவத்தில் முடியும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. நச்சுக்கொடி வேர்பிடிக்கும் காலத்தில்தான் அது வேலை செய்கிறது. ஆகவே அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும், வளைகாப்புவரை காத்திராமல், பழைய டாப்ளர் அறிக்கைகளோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும், 16 வாரத்துக்குள்.